ராக்கு பேருக்கு வந்த சீட்டு

— சீட்ட எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க தம்பி. நான் குடுத்துக்கிற மாட்டேனா?

— முடியாதுக்கா. ஆளக் கண்ணால பாத்து, கையில குடுத்து, பெருவிரல் ரேகை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஜீப்பு வருது. ராமநாதபுரத்துல கண்ணு ஆபரேசன். உங்க மாமியாரக் கூப்பிடுங்க, ஒரு நிமிசத்துல போயிடுறேன்.

— அவுக இங்கன இல்லையே.

— எங்க போயிருக்காங்க?

— ஊருணிக்கு.

— ஊருணிக்கா! தை மாசம் நான் வந்தப்ப வாசப்படி தெரியாம என் கால மிதிச்சாங்க. அவங்க எப்படிக்கா தனியா ஊருணிக்குப் போவாங்க?

— பழகுன தடந்தானே தம்பி. காலு தன்னால போகும்.

— அந்த வழியாத்தான் இப்ப சைக்கிள உருட்டிக்கிட்டு வாரேன். ஊருணியில பொட்டுத் தண்ணி கெடையாது. நடுவுல ஊத்துத் தோண்டி நாலு பொம்பளைங்க கொட்டாங்கச்சியில மோந்துக்கிட்டு இருந்தாங்க. உங்க மாமியாரு அங்க இல்ல.

— அப்ப காட்டுப் பக்கம் ஒதுங்கப் போயிருப்பாக.

— அக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல?

— சேதுராமன் வந்துட்டான், கண்ணு மருந்துக்காரன் வந்துட்டான்னு ஊருல பாதிப் பேரு கொல்லப் பக்கமா ஓடுறாங்க. எனக்குத் தெரியாதா? அவங்கள உள்ள ஒளிச்சு வச்சிருந்தாலும் பரவால்ல, நான் பேசிக்கிறேன். ஆபரேசன்னா கண்ணத் தோண்டி எடுக்குறது இல்லக்கா. இமையக் கொஞ்சம் வெட்டி, திருப்பித் தைக்கிறாங்க. உள்ள பாத்துக் குத்துற முடி வெளிய பாத்து வளரும், அம்புட்டுத்தான். ராக்கு அம்மா! ராக்கு அம்மோவ்!

— கத்தாதீக தம்பி! அந்தப் பேரச் சொல்லிக் கத்தாதீக!

— ஏன்?

— உள்ள இருந்து வேற ஆளு வந்துரும்.

— வேற யாரு? அக்கா, உங்க மாமியாரு எங்க?

— செத்துப் போனாக. போதுமா? மாசி மகத்தன்னிக்கு. நல்லாத்தான் கஞ்சி குடிச்சாக, படுத்தாக, காலையில எந்திரிக்கல. கருமாதி முடிஞ்சு பத்து நாளுதான் ஆகுது.

— அடப்பாவமே. அத மொதல்லயே சொல்லலாம்ல? எதுக்கு ஊருணி, காடுன்னு அலைய விடுறீங்க?

— சொன்னா சீட்ட எடுத்துக்கிட்டுப் போயிருவீகள்ல.

— போய்த்தான் ஆகணும். செத்தவங்க சீட்டு மேல ரத்துன்னு எழுதி, ரெண்டாக் கிழிச்சு ஆபீசுல குடுக்கணும். ரூலு. குடுங்க அந்தப் பேனாவ, கீழ விழுந்துருச்சு பாருங்க.

— கிழிக்காதீக! ஐயோ, உங்க கையப் பிடிச்சுக் கேக்குறேன், கிழிக்காதீக தம்பி!

— விடுங்கக்கா, சட்ட கிழியுது. செத்தவங்களுக்கு எதுக்குச் சீட்டு?

— செத்தவகளுக்கு இல்ல.

— பின்ன யாருக்கு?

— என் மகளுக்கு.

— தங்கத்துக்கா? அந்தப் புள்ள கண்ணுல ஒண்ணுமே இல்லன்னு தை மாசம் என்ன வாசல்லயே மறிச்சீங்களே! மிளகா வத்தல் காயப்போட்ட காந்தல், ரெண்டு நாளுல சரியாப் போகும்னீங்க. சமஞ்ச புள்ள கண்ண ஆம்பள பெரட்டிப் பாக்குறதான்னு வெளக்கமாத்த எடுத்தீங்க.

— எடுத்தேன். இல்லேங்கல. இப்ப அந்த வெளக்கமாத்தால என்னையே அடிச்சுக்கிறேன். சீட்ட மட்டும் கிழிக்காதீக.

— அந்தச் சீட்டுல ராக்குன்னுல்ல எழுதியிருக்கு?

— அவ பேரும் அதுதான்.

— எது?

— அவுக பேருதான் தம்பி. மூத்த மகன் வயித்துப் பொண்ணுக்கு அப்பத்தா பேருதானே வைக்கணும்? வச்சுட்டாக. மாமியா பேர நான் எப்படி வாயால சொல்லிக் கூப்பிடுவேன்? அதான் தங்கம், தங்கம்னு கூப்பிட்டுப் பழகிப் போச்சு. பள்ளிக்கூடத்துல, ரேசன் கார்டுல எல்லாம் அந்தப் பேருதான்.

— ஆக, அவங்களும் ராக்கு, இவளும் ராக்கு.

— நீங்க சொல்லிக்கிருங்க. நான் சொல்ல மாட்டேன்.

— செத்துட்டாங்களேக்கா. இன்னுமா?

— செத்தா மாமியா இல்லன்னு ஆயிருமா?

— கேளுங்கக்கா. எதுக்கு இந்தத் திருகுதாளம்? இப்பவே புதுச் சீட்டு எழுதித் தாரேன். ராக்கு, வயசு பத்தொம்பது, தகப்பன் பேரு...

— எழுதாதீக. என் மக பேர அந்த நோட்டுல ஏத்துனீக, நான் நாண்டுக்கிட்டுச் செத்துப் போவேன். வைகாசியில அவளுக்குக் கல்யாணம்.

— கல்யாணத்துக்கும் இதுக்கும் என்னக்கா?

— என்னவா! தொண்டியில சதக் காக்கா மகளுக்கு என்ன ஆச்சு? வாயத் தொறந்து சொல்லுங்க பாப்போம். சொல்ல மாட்டீக. நான் சொல்றேன். பஸ்ஸு நிக்கிற எடத்துல, செவுத்துல, யாராருக்குக் கண்ணு நோவு, யாராரு ஆபரேசனுக்குப் போறாகன்னு பெரிய தாளுல எழுதி ஒட்டுனீக. பேரு, ஊரு, வயசு, தகப்பன் பேரு, ஒண்ணு விடல. மாப்பிள்ள வீட்டாளுக பஸ்ஸ விட்டு எறங்குனாக, நின்னு வாசிச்சாக, அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டாக. நிக்காவுக்கு எட்டு நாளு இருந்துச்சு. அந்தப் புள்ள மலிகா இன்னிக்கும் வீட்டுக்குள்ளதான் கெடக்கு. கண்ணு நல்லாயிருச்சு. என்னத்தப் பாக்க?

— உத்தரவுக்கா. ஒட்டுனா மத்தவங்களும் பயம் தெளிஞ்சு வருவாங்கன்னு மேல சொன்னாங்க. அந்தத் தாள மறுநாளே நான்தான் கிழிச்சேன். அதுக்கு எனக்கு மெமோ வந்துச்சு, தெரியுமா?

— கிழிச்சா வாசிச்சது போயிருமா?

— போகாது.

— இப்ப ஒட்டுறதில்லையா?

— ஒட்டுறோம். இப்பவும் ஒட்டச் சொல்லித்தான் உத்தரவு.

— பெறகு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு என் மக பேர எழுதித் தாரேங்குறீக?

— அக்கா, திட்டுங்க, வாங்கிக்கிறேன். மலிகா வீட்டு வழியா இப்பக்கூட நான் சைக்கிள விடுறதில்ல. ஆனா செத்தவங்க பேர மட்டும் ஒட்டலாமா? உங்க மாமியாரு தவறுனது ஊருக்கே தெரியுமே?

— நல்லாத் தெரியும். மாப்பிள்ள வீட்டாளுகளே கருமாதிக்கு வந்து சாப்பிட்டுப் போனாக. தாளுல அந்தப் பேரப் பாத்தா என்ன சொல்லுவாக? செத்தவளுக்குச் சீட்டு வந்திருக்கு பாருன்னு சிரிச்சுட்டுப் போவாக. சர்க்காரு தப்பா எழுதிருச்சுன்னா நம்பாத ஆளு உண்டா தம்பி?

— ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருக்கீங்க போல.

— கருமாதியன்னிக்கே யோசிச்சேன். எழவு வீட்டுல உக்காந்துக்கிட்டு இதத்தான் யோசிச்சேன். என்னையக் காறித் துப்புங்க.

— மொதல்ல புள்ளையக் கூப்பிடுங்க. கண்ணப் பாக்காம நான் ஒண்ணும் பேசமாட்டேன்.

— ஏத்தா தங்கம்! இங்கன வாத்தா!

— வந்துட்டேன்மா. கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன், கூப்பாடு போட வேணாம்.

— வெளிச்சத்துக்கு வாம்மா. கெழக்கப் பாத்து நில்லு. கண்ண நல்லாத் தொறக்க முடியுதா?

— தொறக்கலாம் சார். தொறந்து வச்சிருக்கத்தான் முடியாது. வெயிலு பட்டாக் கூசும்.

— சரி, கீழ பாரு. கால் கட்டவிரலப் பாரு. இமையத் திருப்பப் போறேன், வலிக்காது. ம்... இப்ப இந்தக் கண்ணு... அசையாத... ம்.

— என்ன தம்பி, ம்முங்குறீக? மனசு பதறுது. வாயத் தொறந்து சொல்லுங்க.

— யாரு முடியப் புடுங்கி விடுறது?

— நாந்தான். வாரத்துக்கு ரெண்டு தடவ. இவ அய்யா வெளிய போனதுக்கப்பறம், முள்வாங்கிய எடுத்து...

— கால்ல கருவமுள்ளு எடுக்குற முள்வாங்கியா?

— கழுவிட்டுத்தான் எடுப்பேன்.

— எத்தன வருசமா?

— மூணு வருசமா சார். அம்மாவுக்கு இப்ப வெள்ளெழுத்து. சிலநேரம் நல்ல முடியப் புடுங்கிட்டு, குத்துற முடிய விட்டுரும். நானும் சொல்றதில்ல, வருத்தப்படும்னு.

— ஏண்டி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி!

— சொன்னா என்ன செய்யப்போற? இன்னொரு தடவ தோண்டுவ.

— கேளுங்கக்கா. புடுங்கப் புடுங்க அந்த முடி மொட்டையா, முள்ளு மாதிரி மொளைக்கும். கண்ணச் சிமிட்டுற ஒவ்வொரு தடவையும் கருவிழியில கோடு இழுக்கும். எடது கண்ணு தப்பிச்சிருச்சு. வலது கண்ணுல ஓரமா லேசா வெள்ள விழுந்திருக்கு.

— பூவா? தம்பி, பூ விழுந்துருச்சா?

— ஆரம்பம்தான். நடுப்பாப்பாவுக்கு இன்னும் வரல. சீக்கிரமா வெட்டித் தச்சுட்டா அதோட நின்னுரும். விட்டா, உங்க மாமியாருக்கு ஆன மாதிரிதான்.

— ஐயோ, என் தங்கமே! பாவி நான் என்ன செய்வேன்! பொறந்ததுல இருந்து அப்பத்தா கூடத்தானே படுத்துக் கெடந்தா. அவுக கண்ணத் தொடச்ச முந்தானையாலதானே இவ மூஞ்சியத் தொடச்சு விட்டாக. பேரையும் குடுத்து, கண்ணு நோவையும் குடுத்துட்டுப் போயிட்டாகளே!

— அழுகாதம்மா. அப்பத்தாவுக்கு என்ன தெரியும்? தண்ணி இருந்தா கழுவி விட்டிருக்கும். ஒரு கொடம் தண்ணிக்கு ஒம்போது பேரு. மூஞ்சி கழுவ எங்க போறது?

— இந்தப் புள்ள சொல்றதுதான்க்கா நெசம். நான் ஊரு ஊராப் போயி, தெனம் ரெண்டு வேள மூஞ்சி கழுவுங்கன்னு சொல்றேன். சொல்லும்போதே எனக்கு வெக்கமா இருக்கு.

— தம்பி, நான் கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாதீக. சீட்டத் தருவீகளா, மாட்டீகளா?

— டாக்டரு குருடு இல்லக்கா. அறுவத்திரெண்டு வயசுன்னு சீட்டுல இருக்கு. வந்து நிக்கிறது பத்தொம்பது. யாருய்யா எழுதுனதுன்னு என்னத்தான் கேப்பாங்க. எனக்கு வீட்டுல அம்மா, ரெண்டு தங்கச்சி. இந்த வேலைக்காக ரெண்டு வருசம் அலஞ்சேன்.

— சார்.

— என்னம்மா?

— அறுவத்திரெண்டத் திருப்பிப் போட்டா இருவத்தாறு. சின்ன முனையா இருக்குற பேனாவா இருந்தா போதும் சார். ஆறு முன்னாடி, ரெண்டு பின்னாடி இருக்கு. கேட்டா, எழுதும்போது எடம் மாறிப் போச்சுன்னு சொல்லுங்க. இருவத்தாறுன்னா என்னையப் பாத்து யாரும் சந்தேகப்பட மாட்டாக. மூஞ்சி அப்படித்தானே ஆயிருச்சு.

— யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?

— யாரும் சொல்லல. அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். கணக்குல நான்தான் மொத மார்க்கு. அப்பவே கண்ணு பீள கட்டி, தண்ணி வடிஞ்சு, கரும்பலகை தெரியாமப் போனதுனாலதான் நின்னேன். அதுவும் அம்மா, வீட்டு வேலைக்குன்னு வாத்தியாருக்கிட்டச் சொல்லிருச்சு.

— பாருங்க தம்பி, எம்புட்டு அறிவான புள்ள. இவளுக்குக் கண்ணு போகலாமா? நீங்களே சொல்லுங்க. உங்க தங்கச்சியா இருந்தா போக விடுவீகளா?

— தங்கச்சியெல்லாம் எதுக்குக்கா இழுக்குறீங்க? இருங்க, யோசிக்க விடுங்க. ஒரு தடவ செஞ்சாலே... சரி, அத விடுங்க.

— யோசிங்க. மோரு குடிக்கிறீகளா?

— வேணாம்.

— வெயில்ல வந்திருக்கீக, கொஞ்சம்...

— வேணாங்குறேன்ல! சீட்டு இங்க இருக்கு. பேனா எங்க?

— தம்பி...

— கிழிக்கலக்கா. வயசத்தான் மாத்துறேன். இந்தா, ஆச்சு. இருவத்தாறு. தாயி, இங்க பெருவிரல வையி.

— கையெழுத்துப் போடுவேன் சார் நான்.

— தெரியும்மா. ஆனா நோட்டுல ராக்கு கைநாட்டுன்னு இருக்கு. நீ கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்.

— அஞ்சாப்பு படிச்சு மை தடவ வேண்டியிருக்கு. சரி, வையுங்க.

— நல்லாயிருப்பீக தம்பி. உங்க புள்ளகுட்டி நல்லாயிருக்கும். உங்க காலுல விழுகுறேன்.

— எந்திரிங்கக்கா, எந்திரிங்க! யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க? இந்தாங்க சீட்டு, நாளைக்கு ஏழு மணிக்கு வாசல்ல நிக்கட்டும். ஜீப்பு தொண்டியில கெளம்பி, வழியில ஊரு ஊரா ஆள ஏத்திக்கிட்டு வரும். உங்க ஊருல இவ ஒருத்திதான். வண்டியில மூணு எடம் காலி இருக்கு, நீங்களும் கூடப் போகலாம். பத்து நாளு அங்கயே ஒரே கூடத்துல தங்கணும். எட்டாம் நாளு தையல் பிரிப்பாங்க.

— அவுக அய்யாகிட்ட, பரமக்குடியில எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம்னு சொல்லிக்கிறேன். வத்தல ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போயிருக்காக. வந்ததும் சொல்லிக்கிறலாம்.

— அவருக்கும் தெரியாதா?

— தெரிஞ்சா நேரா சம்பந்தி வீட்டுக்குப் போயி, உள்ளதச் சொல்லிட்டு வந்துருவாக. நல்ல மனுசன். அதான் பயம்.

— இன்னொண்ணு கேளுங்க. ஆபரேசன் முடிய மட்டுந்தான் திருப்பும். நோவு இமைக்குள்ள, வீட்டுக்குள்ள அப்படியே இருக்கும். இந்தக் களிம்பு டியூபு, மாசத்துல அஞ்சு நாளு, காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, ஆறு மாசத்துக்குப் போடணும். இவளுக்கு மட்டுமில்ல, வீட்டுல இருக்குற அத்தன பேருக்கும். நல்லாருக்குற கண்ணுக்கும். ஒருத்தரு விட்டாலும் திரும்ப ஒட்டிக்கிரும். துண்டு தனித்தனி.

— போட்டுர்றோம். அவுக அய்யாகிட்ட மிளகாக் காந்தலுக்குன்னு சொல்லிப் போட்டுவிடுறேன். ஆனா இவளுக்கு அந்தக் கவலையே வேணாம் தம்பி. வைகாசியில நல்ல எடத்துக்குப் போயிருவா. சுத்தமான வீடு. அங்க போனா இந்த நோவு எப்படித் திரும்பும்?

— நல்ல எடம்னு எப்படிச் சொல்றீங்க?

— மாப்பிள்ளையோட ஆத்தா பொண்ணு பாக்க வந்தப்ப என்ன செஞ்சாக தெரியுமா? இவ கையில ஊசியையும் நூலையும் குடுத்து, கோத்துக் காட்டுன்னாக. அப்புறம் ஒரு சொளவு அரிசியில கல்லுப் பொறுக்கச் சொன்னாக. எங்க குடும்பத்துல கண்ணு நோவுன்னா என்னன்னே தெரியாது, வர்ற பொண்ணும் அப்படித்தான் இருக்கணும்னாக. அப்பேர்ப்பட்ட வீடு.

— எப்படிம்மா கோத்த?

— நாக்குல வச்சு சார். ஊசிக் காத நாக்கு நுனியில வச்சுப் பாத்தா ஓட்டை தெரியும். நூல எச்சில் பண்ற மாதிரி குனிஞ்சு கோத்துட்டேன். கல்லையும் வெரலாலதான் பொறுக்குனேன். அவுகளுக்கு மட்டும் யாரும் ஊசி குடுக்கல.

— சும்மா இருடி. ஆம்பளைக்கு யாரு ஊசி குடுத்துப் பாப்பா? மாப்பிள்ள ராசா மாதிரி தம்பி. ஆளு ஒசரம். பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, சினிமாக்காரன் கணக்கா வந்து எறங்குனாரு. வீட்டுக்குள்ள உக்காந்தும் கழட்டலேன்னா பாத்துக்கிருங்க. வந்தவுகள்லாம் வாயப் பொளந்தாக.

— எந்த ஊருக்கா?

— காரங்காட்டுக்குப் பக்கத்துல. வடக்க அந்தப் பெரிய ஓட்டு வீடு. மிளகா யாவாரம் முனியசாமின்னா தெரியாத ஆளு இல்ல. அவுக மகன்தான்.

— முனியசாமி... ரெண்டு வேப்பமரம் நிக்கிற வீடா? வாசல்ல வத்தல் மூடை அடுக்கியிருக்கும்?

— அதே வீடுதான். தெரியுமா உங்களுக்கு?

— மாப்பிள்ள பேரு என்ன?

— இருளாண்டி. அவுக தாத்தா பேரு. எங்கள மாதிரித்தானே அவுகளும், மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு. அந்தப் பெரியவரு போன தையில தவறிட்டாரு. அதனாலதான் கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போச்சு. என்ன தம்பி, என்னமோ மாதிரி நிக்கிறீக?

— ஒண்ணுமில்ல. அக்கா, அந்தச் சீட்டக் கொஞ்சம் குடுங்க.

— எதுக்கு?

— சும்மா குடுங்க. நாளைக்கு வேணாம். அடுத்த கேம்பு வைகாசி கடைசியில இருக்கு, அப்பப் பாத்துக்கலாம்.

— வைகாசி மொத வாரம் முகூர்த்தம்! வெளையாடுறீகளா? இப்பத்தானே சீக்கிரமா வெட்டணும்னு சொன்னீக, வெள்ள நடுவுக்கு வந்துரும்னு சொன்னீக!

— சொன்னேன். சரி, அப்ப ஜீப்பு வேணாம். மறுநாளு பஸ்ஸுல தனியா வந்துருங்க. நான் எப்படியாவது டாக்டருக்கிட்டச் சொல்லி, வேற எடத்துல...

— ஏன், ஜீப்புல வந்தா என்ன?

— எடம் இருக்காது.

— இப்பத்தானே மூணு எடம் காலின்னீக?

— அக்கா, கேளுங்க...

— கேக்க மாட்டேன். எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த வீடு உங்களுக்குத் தெரிஞ்ச வீடு. சொந்தமா, சாதியா, சோறு போட்டாகளா? போயிச் சொல்லப் போறீக. பொண்ணு நொள்ளக்கண்ணி, ஏமாந்துறாதீகன்னு சொல்லப் போறீக. ஐயோ, ஆளு தெரியாமப் போயி என் வாயாலயே எல்லாத்தையும் கொட்டிட்டேனே!

— சத்தியமா இல்லக்கா! நான் யாருக்கிட்டயும் சொல்ற ஆளு இல்ல. சொல்ல முடியாமத்தான் நிக்கிறேன்.

— அப்ப சூடம் கொளுத்துறேன். அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. அந்த வீட்டு ஆளுக ஒருத்தரு காதுக்கும் போகாதுன்னு பண்ணுங்க. தங்கம், சூடத்த எடுத்துட்டு வா.

— வேணாம். சூடத்துல என்னால சத்தியம் பண்ண முடியாது.

— பாத்தியாடி? பாத்தியா? பண்ண முடியாதாம்!

— சார், சீட்டத் தர மாட்டேன். பேரு என்னுது. கைநாட்டும் என்னுது. நீங்க வேணாம்னாலும் நான் நாளைக்கு ஜீப்புல ஏறத்தான் போறேன். கல்யாணம் நின்னாலும் சரி. எனக்குக் கண்ணு வேணும்.

— ஏண்டி, கல்யாணம் நின்னாலுமா? வாயக் கழுவுடி!

— நீ சும்மா இரும்மா. சார், நேராக் கேக்குறேன். எங்களுக்கு ஏன் சத்தியம் பண்ண மாட்டேங்குறீக?

— ஏற்கனவே ஒண்ணு பண்ணியிருக்கேம்மா. போன வாரம். ஒரு வீட்டுல அந்த ஆத்தாளும் இப்படித்தான் சூடத்தக் கொளுத்தி, பொண்ணு வீட்டு ஆளுக காதுக்குப் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. களிம்ப மட்டும் வாங்க மாட்டேன்னுட்டாங்க, டியூபு வீட்டுல இருந்தா நாலு பேரு பாப்பாங்களாம்.

— எந்த வீட்டுல? தம்பி, எந்த வீட்டுல? என்னையப் பாத்துச் சொல்லுங்க. ஜீப்புல ஏன் எடம் இல்ல?

— ஜீப்பு மொதல்ல காரங்காட்டுப் பக்கந்தான்க்கா போகுது. செத்துப்போன தாத்தா சீட்டுல மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு, அப்புறந்தான் உங்க வாசலுக்கு வருது.